கட்டட வேலைப் பாக்கியை வசூலிக்க எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு நாட்கணக்கு

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் சாலிட் பிளாக் தயாரிக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். என் கொழுந்தனார் சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிறார். நாங்கள் இருப்பது கேரளத்தில். வீட்டிலும் கணக்கிலும் பேச்சிலும் தமிழ்தான். சிமெண்டும் எம்-சாண்டும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வருகின்றன. கட்டடமோ பாலக்காட்டிலும் திருச்சூரிலும் எழும்புகிறது. பணம் கேட்டால் பதில் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "ஓணம் முடியட்டும்", "விஷு முடியட்டும்", "ட்ரெஷரியில் பில் வரிசையில் நிற்கிறது".

எங்கள் பக்கத்தில் பாக்கி வராமல் நொடித்துப்போன மேஸ்திரிகளையும் கடைக்காரர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பலருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. அதைக் கேட்க வேண்டிய காலம்தான் ஓணத்துக்கும் விஷுவுக்கும் இடையில் கரைந்து போயிற்று. இனி ஒருவருக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதற்காக, தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். தொகை பெரிதானால் வக்கீலைப் பாருங்கள். ஆனால் வக்கீலிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவற்றை நீங்கள்தான் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

கட்டடத்தின் மேல் உங்களுக்குப் பிடி இல்லை

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். அமெரிக்காவில் வேலை செய்தவரோ சரக்கு கொடுத்தவரோ, பணம் வராவிட்டால் அந்தக் கட்டடத்தின் மீதே தன் உரிமையைப் பதிவு செய்ய மாநிலச் சட்டங்கள் வழி செய்கின்றன. மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு 1935-ஆம் ஆண்டின் மில்லர் சட்டப்படி முதன்மை ஒப்பந்தக்காரர், தனக்குக் கீழே வேலை செய்பவருக்கும் சரக்குக் கொடுப்பவருக்கும் பணம் போய்ச் சேரும் என்று பணப் பொறுப்புப் பத்திரம் கொடுத்திருப்பார். அவரிடம் நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை ஆள்கூட, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்தப் பத்திரத்திலிருந்து பணம் கேட்கலாம். இணையத்தில் இதைப் படித்துவிட்டு "நாமும் கட்டடத்தை அட்டாச் செய்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. உங்கள் பிளாக் சுவரில் ஏறிய மறுகணம் அது நிலத்தின் பகுதி, நில உரிமையாளரின் சொத்து. உங்களிடம் மிஞ்சுவது, சரக்கை ஆர்டர் செய்த ஆளிடம் பணம் கேட்கும் உரிமை மட்டுமே.

ஆகவே சைட்டுக்குப் போய்ப் பூட்டுப் போடுவது, பொருத்திய ஜன்னலைக் கழற்றிக்கொண்டு வருவது போன்றவை வேண்டவே வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்க, போலீஸ் வழக்கு மட்டும் உங்கள் மேல் பாயும்.

பெரிய தொகைக்குச் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பதாக இருந்தால், நில உரிமையாளர் சம்மதத்துடன் அந்த நிலத்தின் மேல் பொறுப்பு (உங்கள் பாக்கிக்கு அந்த நிலமே ஈடு என்ற உரிமை) ஏற்படுத்தி எழுதி வாங்கிப் பதிவு செய்யலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்போது வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறும். பிளாக் விற்பவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. ஒரு முழு அடுக்குமாடிக்குச் சரக்குக் கொடுப்பவர் கேட்க வேண்டும்.

சரக்கு உங்கள் கையில் இருக்கும்வரை

சரக்கு இன்னும் உங்கள் யார்டில் இருந்தால் நிலைமை வேறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 47-ஆம் பிரிவு, பணம் வாங்காத விற்பனையாளர் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. கடன் தவணை பேசாத சரக்காக இருக்க வேண்டும். அல்லது பேசிய தவணை முடிந்திருக்க வேண்டும். அல்லது வாங்கியவர் நொடித்துப்போயிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் போதும்.

லாரி கிளம்பிவிட்டாலும், வாங்கியவர் நொடித்துவிட்டார் என்று தெரிந்தால் வழியிலேயே நிறுத்தச் சொல்லலாம். இந்தச் சட்டத்தில் நொடித்தவர் என்றால் கோர்ட் அறிவித்தவர் என்று பொருளில்லை. வழக்கமான வியாபாரத்தில் கடனைக் கட்டுவதை நிறுத்திவிட்டவரே போதும். ஆனால் லாரி வாடகை லாரியாக, நீங்கள் ஏற்பாடு செய்ததாக இருக்க வேண்டும். வாங்குபவர் தன் சொந்த டிப்பரை அனுப்பி ஏற்றிக்கொண்டு போனால், உங்கள் கேட்டைத் தாண்டும்போதே சரக்கு அவர் கைக்குப் போய்விட்டதாகவே கொள்ளப்படும். பெரிய ஆர்டர்களுக்கு நான் வண்டியையும் நானே ஏற்பாடு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரில், கேட், கதவு செய்பவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. வாடிக்கையாளர் கொடுத்த பொருளில் நீங்கள் வேலை செய்திருந்தால், கூலி வரும்வரை அதைத் தராமல் வைத்திருக்க ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பட்டறையில் இருக்கும்வரைதான். சைட்டில் பொருத்திவிட்டால் அந்தப் பிடி போய்விடும். எனவே பொருத்துவதற்கு முந்தைய நாள்தான் பாக்கியைக் கேட்க வேண்டிய நாள்.

சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, சவுக்குக் கம்பம் எல்லாம் வேறு கதை. அவை வாடகைக்குப் போனவை, என்றைக்கும் உங்கள் சொத்துதான். ஆனால் சைட்டில் இரண்டு மூன்று பேரின் தகடுகள் கலந்து கிடக்கும். இறக்கிய அன்றே எண்ணிக்கையும் அடையாளக் குறியும் எழுதி, சைட் சூப்பர்வைசரின் கையெழுத்து வாங்குங்கள். "கணக்கு முடியட்டும், பிறகு தகட்டை எடு" என்று சைட்டுக்காரர் மறிக்கும்போது அந்தச் சீட்டு இல்லாமல் பேசவே முடியாது.

மூன்று வருடம்: எந்த நாளிலிருந்து?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பாக்கிக்கு வழக்குப் போட எவ்வளவு காலம் என்பதை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

கடன் தவணை எதுவும் பேசாமல் சரக்குக் கொடுத்திருந்தால், சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். முப்பது நாள் தவணை, அறுபது நாள் தவணை என்று பேசியிருந்தால், தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம். வேலை செய்து கொடுத்து, பணம் எப்போது என்று பேசாமல் விட்டிருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம்.

நம்மில் பலரும் நினைப்பது, கடைசி லோடிலிருந்து அல்லது கடைசியாகப் பேசிய நாளிலிருந்து மூன்று வருடம் என்று. அது சரியல்ல. ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனி நாள் ஓடுகிறது. 2024 ஜூன் 10 அன்று தவணை பேசாமல் ஒரு லோடு, நவம்பர் 5 அன்று இன்னொரு லோடு கொடுத்தீர்கள் என்றால், முதல் லோடுக்கு 2027 ஜூன் 10, இரண்டாவதற்கு 2027 நவம்பர் 5. ஆகஸ்டில் வழக்குப் போட்டால் இரண்டாம் லோடின் பணத்தை மட்டுமே கேட்க முடியும்.

"எங்களுக்குள் ஓடும் கணக்கு, வருடக் கடைசியிலிருந்துதானே எண்ண வேண்டும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வருடக் கடைசியிலிருந்து எண்ணும் விதி உண்மைதான். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் மாறி மாறி இருக்கும் கணக்குக்கு உரியது. நீங்கள் சரக்கு மட்டும் கொடுத்து, அவர் அவ்வப்போது பணம் மட்டும் கொடுப்பது அந்த வகையில் சேராது. இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வேலையில் குறை வந்தால் சரிசெய்வதற்காக என்று பில்லில் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் தொகைக்குக் கணக்கு வேறு. குறைபாடு பொறுப்புக் காலம் முடிந்ததும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்தக் காலம் முடியும் நாளிலிருந்துதான் மூன்று வருடம் தொடங்கும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கட்டடம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு இதை நினைவு வைத்திருப்பவர்கள் அபூர்வம்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையிலோ கோர்ட் விடுமுறையிலோ விழுந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அதைத் தாண்டிவிட்டால் "தாமதத்தை மன்னியுங்கள்" என்று மனுப் போட வழியில்லை. மேல்முறையீட்டுக்கு அந்தச் சலுகை உண்டு, பண வழக்குக்கு இல்லை. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியது நீதிபதியின் கடமை என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. போனில் கொடுத்த வாக்குறுதி, பெரிய மனிதரை வைத்துப் பேசிய பேச்சு, இவை எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் இரண்டு வழிகள்

காலம் முடிவதற்குள், தர வேண்டியவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். இது 18-ஆம் பிரிவு. காலம் முடிவதற்குள் ஒரு பகுதிப் பணம் கொடுத்து, அதற்கு அவர் கையெழுத்துள்ள எழுத்துச் சான்று இருந்தாலும் புதிதாக மூன்று வருடம் உண்டு. இது 19-ஆம் பிரிவு. செக்கில் கொடுத்தால் அவர் கையெழுத்து செக்கிலேயே இருக்கிறது. ரொக்கமாகப் பத்தாயிரம் கொடுத்து, நீங்கள் உங்கள் நோட்டில் மட்டும் வரவு வைத்தீர்கள் என்றால், காலம் நீள அது உதவாது. மொபைலில் பணம் அனுப்பியிருந்தால், "உங்கள் பாக்கியில் இந்தத் தொகை அனுப்பினேன்" என்று அவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள்.

எங்கள் யூனிட்டில் ஒவ்வொரு ஏப்ரலிலும் பாக்கி உள்ள அனைவருக்கும் ஒரு கடிதம் போகும். கணக்கு முடிக்கும் மாதம் என்பதால் யாரும் தவறாக நினைப்பதில்லை. வாசகம் இதுதான்:

"எங்கள் கணக்குப்படி 31-03-2026 அன்று நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ. 3,42,600. இதில் சேர்ந்துள்ள பில் எண்களும் தேதிகளும் பின்பக்கத்தில் உள்ளன. இந்தப் பாக்கி சரி என்பதை உறுதிசெய்து கையெழுத்திட்டு, தேதியும் நிறுவன முத்திரையும் இட்டுத் திருப்பித் தரவும்."

இதில் தேதி மிகவும் முக்கியம். கையெழுத்துப் போட்டுத் தேதி போடாமல் விடுவார்கள். எதிரிலேயே நின்று போடச் சொல்லுங்கள். நிறுவனம் என்றால் கையெழுத்துப் போடுபவர் பங்குதாரரா, இயக்குநரா, அதிகாரம் பெற்ற மேலாளரா என்பதையும் பாருங்கள். சைட்டில் நிற்கும் சூப்பர்வைசரின் கையெழுத்து, சரக்கு வந்ததற்குச் சான்றாகும். கடனை ஒத்துக்கொண்டதற்குச் சான்றாகாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் முழுதும் தந்துவிடுகிறேன்" என்று வந்த செய்தியை அழிக்க வேண்டாம். அது துணைச் சான்று. கோர்ட்டில் காட்ட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். போனை மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். என்றாலும் மையில் போட்ட கையெழுத்துக்கு இது ஈடாகாது.

பகுதிப் பணம் வரும்போது இன்னொரு விஷயம். எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லாவிட்டால், எந்தக் கடனில் வரவு வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு. ஒப்பந்தச் சட்டம் 60-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. முதலில் பழைய பில்லில் வரவு வைத்து, ரசீதிலும் அந்தப் பில் எண்ணை எழுதிக் கொடுங்கள். காலம் முடியும் நிலையில் இருக்கும் லோடுகள் அப்படியே அடைபட்டுவிடும்.

உங்கள் லெட்ஜர் மட்டும் கோர்ட்டில் போதாது. ஆர்டர், டெலிவரி சலான், எடை மேடைச் சீட்டு, ஜிஎஸ்டி பில் என்று சரக்கு போய்ச் சேர்ந்ததைக் காட்டும் காகிதங்கள் வேண்டும். நம்மைப் போல எல்லை தாண்டிச் சரக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு நல்ல சான்று தானாகவே உருவாகிறது. ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில் (இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு) வேண்டும். அதில் வண்டி எண்ணும் நாளும் இருக்கின்றன. வாளையார் சோதனைச் சாவடியில் முத்திரை குத்திய காலம் 2017-இல் ஜிஎஸ்டியோடு முடிந்துவிட்டது. இப்போது இ-வே பில்தான் அந்த வேலையைச் செய்கிறது. எல்லா பிரதிகளையும் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

நாற்பத்தைந்து நாள் சட்டம்

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தை என் போன்ற சிறு உற்பத்தியாளர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை. இந்தத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு ரூ. 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் ரூ. 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். நம் பகுதியின் பிளாக் யூனிட்டுகளும் பட்டறைகளும் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதற்கு மேல் தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஒப்பந்தத்தில் "வட்டி இல்லை" என்று எழுதியிருந்தாலும் இது செல்லும்.

பணம் வராவிட்டால் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு. அது இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் உங்கள் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவுக்குப் போகும். இதில் நமக்குப் பெரிய வசதி, வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் விற்றவர் இருக்கும் இடத்துக் குழுதான் விசாரிக்கும். எருத்தேம்பதியில் யூனிட் வைத்திருப்பவர் கோயம்புத்தூர்க்காரர் மேல் கேரளக் குழுவில் மனுச் செய்யலாம். கிணத்துக்கடவுக்காரர் திருச்சூர் பில்டர் மேல் தமிழ்நாட்டுக் குழுவில் மனுச் செய்யலாம். உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து எதிராளி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். குழு 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கிறது. அதற்கும் மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். வாங்கி விற்கும் சிமெண்ட் கடை, கம்பிக் கடைகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தத் தாமதப் பணச் சலுகை கிடையாது. அவர்களுக்குப் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும். சரக்கும் கூலியும் சேர்ந்த முழு ஒப்பந்த வேலைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் உயர் நீதிமன்றங்களில் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சென்ட்ரிங், கம்பி கட்டும் வேலையை எடுப்பவர்கள் இதை மட்டும் நம்பாமல் கோர்ட் வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும். உத்யம் பதிவைச் சரக்குக் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பிறகு செய்த பதிவு பழைய பில்களுக்குச் செல்லுமா என்ற சண்டையே வராது.

கோர்ட்டுக்குப் போகாமலே அழுத்தம் தர இரண்டு கருவிகள் உள்ளன. குறு, சிறு உற்பத்தியாளருக்கு இந்த 45 நாளுக்குள் கொடுக்காமல் மார்ச் 31-ஐத் தாண்டினால், வாங்கியவர் அந்தச் செலவைத் தன் வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் கழிக்க முடியாது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அவர் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியையும் (உங்கள் பில்லில் உள்ள வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) திருப்பிக் கட்ட வேண்டும். நான் பிப்ரவரியில் அனுப்பும் நினைவூட்டுக் கடிதத்தில் இவ்விரண்டையும் மரியாதையாக எழுதி, என் உத்யம் எண்ணையும் போடுகிறேன். முதலாளி அசையாவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் அசைவார்.

செக் திரும்பினால்

இங்கே நாட்கள் மிகக் குறைவு. செக்கை அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கின் தொகையாகவே இருக்க வேண்டும். வட்டியையும் மற்ற பாக்கியையும் அதோடு கலந்து ஒரே தொகையாக எழுதிப் புகாரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்கூட்டியே வாங்கி வைத்த நான்கு லட்சம் செக் இருக்கிறது. நடுவில் ஒரு லட்சம் வந்துவிட்டது. பிறகு செக்கை அப்படியே நான்கு லட்சத்துக்குப் போட்டால் கிரிமினல் புகார் நிற்காது. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துவிட்டுப் போட வேண்டும், அல்லது மிச்சத் தொகைக்குப் புதுச் செக் வாங்க வேண்டும்.

புகார் கொடுப்பது உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில். 2015-இன் திருத்தம் இதை உறுதி செய்தது. எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் யூனிட்டும் பொள்ளாச்சியில் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவர்கள், வழக்கு எங்கே நடக்கும் என்பதைச் செக் போடும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலையும் வங்கி உத்தரவாதமும்

பொதுப்பணித் துறை வேலையை ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் எடுக்கிறார், அவருக்குக் கீழே நீங்கள். அவர் துறைக்குக் கொடுத்திருக்கும் வங்கி உத்தரவாதம் துறையின் பாதுகாப்புக்கு. அதிலிருந்து உங்களுக்கு ஒரு ரூபாயும் கேட்க முடியாது. துறையோடு உங்களுக்கு ஒப்பந்தமும் இல்லை. பெரிய ஆர்டர் என்றால் உங்கள் பெயருக்கே ஒரு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். நிபந்தனை இல்லாதது, கேட்டவுடன் தர வேண்டியது என்று வாசகம் இருக்கட்டும். அதில் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: உத்தரவாதம் முடியும் நாள், கோரிக்கை வைக்கக் கடைசி நாள். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, குறித்த காலத்துக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று வங்கி எழுத வேண்டுமானால் அந்தக் காலம் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. கோரிக்கைக் கடிதத்தை உத்தரவாதத்தில் உள்ள சொற்களிலேயே எழுதி, கிளையில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தபாலை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

அதே 28-ஆம் பிரிவு இன்னொரு வகையிலும் காக்கிறது. "ஆறு மாதத்துக்குள் கேட்காவிட்டால் பாக்கி ரத்து" என்று ஒப்பந்தக்காரர் தன் ஆர்டரில் அச்சடித்திருந்தால் அது செல்லாது. அவர் அச்சடித்த காகிதம் மூன்று வருடத்தைக் குறைக்க முடியாது.

உத்தரவாதம் இல்லை, அவருக்குத் துறையிலிருந்து பெரிய பில் வரப்போகிறது, வாங்கிக்கொண்டு கைவிரித்துவிடுவார் என்று நம்பத் தகுந்த ஆதாரம் இருக்கிறது. அப்போது வழக்கோடு சேர்த்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆம் கட்டளை 5-ஆம் விதிப்படி, தீர்ப்புக்கு முன்பே அந்தப் பில் பணத்தைத் துறையின் கையில் நிறுத்தி வைக்க மனுச் செய்யலாம். கட்டடத்தின் மேல் பிடி இல்லாத நம் ஊரில், அதற்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் கோர்ட் இதை எளிதில் தராது. சொத்தை மறைக்கிறார், விற்கிறார் என்பதைக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கும் பாக்கி வைத்திருக்கிறார் என்றால் அவர்களின் கடிதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறாமை இல்லாமல் சேர்ந்து நிற்கும் சப்ளையர்களுக்கே இதில் பலன்.

"துறை கொடுத்தால் தருகிறேன்" என்ற வரியில் கையெழுத்திடும் முன், "எப்படியிருந்தாலும் இன்ன தேதிக்குள்" என்று ஒரு தேதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தேதி இல்லாத வாக்குறுதியால் காலம் எப்போது தொடங்கியது என்பதே வழக்காகிவிடும். அரசின் மேலேயே நேரடியாக வழக்குப் போடுவதானால், இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸ் கட்டாயம். அந்த இரண்டு மாதம் காலவரையறைக் கணக்கில் கழிக்கப்படும்.

கூலி ஆட்களுக்கு

கூலிக்கு வேலை செய்தவரின் நிலை சப்ளையரை விட மேலானது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் அதைத் தர வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் வேலை செய்த கம்பி கட்டும் ஆட்கள், மேஸ்திரி ஓடிப்போனார் என்பதற்காகக் கூலியை விட்டுவிடத் தேவையில்லை. வருகைப் பதிவேட்டின் படமும் நுழைவுச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். தொழிலாளர் அலுவலகத்துக்கு முதலில் போங்கள்.

எந்தக் கோர்ட், எந்த மொழி

வழக்கு, எதிராளி வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, விவகாரத்தின் ஒரு பகுதி நடந்த இடத்திலோ போடலாம். பில்லின் அடியில் எந்த ஊர்க் கோர்ட் என்று அச்சடிப்பது, அந்த ஊருக்கு ஏற்கெனவே அதிகாரம் இருந்தால் மட்டுமே உதவும்.

ரூ. 3 லட்சமோ அதற்கு மேலோ உள்ள கட்டுமான ஒப்பந்த, சரக்கு விற்பனை வழக்குகள் 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கு என்றால், முதலில் சட்ட சேவை ஆணையத்தில் சமரசத்துக்கு மனுச் செய்தே ஆக வேண்டும். அது செய்யாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. சமரசத்துக்கு மூன்று மாதம், இருவரும் ஒப்புக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம் மூன்று வருடக் கணக்கில் சேராது. ஆனாலும் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே வக்கீலைப் பாருங்கள்.

மலையாளத்தில் எழுதிய ஒப்பந்தத்தில், படித்துப் புரியாமல் கையெழுத்திட வேண்டாம். பேசத் தெரிந்த பலருக்கும் படிக்கத் தெரியாது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அரசு அலுவலகங்களுக்கு எழுதும்போது, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். நிலுவைப் பில் பற்றிய விண்ணப்பத்தைத் தயங்காமல் தமிழில் எழுதுங்கள்.

வாங்கிய நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய்விட்டதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தால், எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு அதிகாரி நியமிக்கப்பட்டு 14 நாளுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்யச் சொல்லியிருப்பார்கள். சரக்கு, சேவை கொடுத்தவர்களுக்கு உரிய படிவத்தில் பில்களின் நகல்களோடு அனுப்ப வேண்டும். அறிவிப்புக்குப் பின் தனியாக வழக்குப் போட முடியாது, நடக்கும் வழக்கும் நின்றுவிடும்.

தீர்ப்புக் கிடைத்த பிறகு அதை நிறைவேற்றப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. பொள்ளாச்சிக் கோர்ட்டின் தீர்ப்பைப் பாலக்காட்டில் உள்ள சொத்தின் மேல் நிறைவேற்ற, புது வழக்கு வேண்டாம். தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டிலேயே, கேரளத்துச் சித்தூர் அல்லது பாலக்காட்டுக் கோர்ட்டுக்கு மாற்றித் தரும்படி மனுச் செய்தால் போதும். மனுவோடு எதிராளியின் சொத்து விவரம் வேண்டும், ஆகவே அவருடைய சர்வே எண்ணையும் வங்கிக் கிளையையும் முதல் ஆர்டர் எடுக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.